பள்ளிக்கூடத்துச் சேவையும் சர்ட்டிபிகேட்டும்

படிப்பு மாத்திரம் போதாது, பிள்ளைகள் பொது ஜனங்களுக்குச் சேவையும் செய்ய வேண்டும், செய்ததற்கு அத்தாட்சி காட்டினால்தான் பள்ளிக்கூடத்துப் படிப்பு முடிந்ததாகச் சர்ட்டிபிகேட்டு கொடுக்கப்படும் என்கின்ற ஏற்பாடு இப்பொழுது பல தேசங்களில் இருந்து வருகின்றது. நம் நாட்டிலும் அது பல வேஷங்களில் வந்து புகுந்திருக்கின்றது. கேட்பதற்கு இதைவிட நல்ல காரியம் வேறு இல்லை. பிறருக்காகக் கொஞ்சம் பாடுபட வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதை ஆட்சேபிக்கின்றவன் மனிதனாய் இருக்க மாட்டான் என்றுகூடச் சொல்லிவிடலாம். ஆனால் நம் நாட்டில் எந்த நல்ல காரியமும் ஜாதி என்கின்ற சல்லடையில் விழுந்து சலிக்கப்பட்டுத்தான் வெளியே வருகின்றது. ஆதலால் சல்லடைக்கு மேலே தங்குவது யாருக்கு, கீழே உதிருவது யாருக்கு என்று பார்த்த பிறகே அதைப் பற்றி அபிப்பிராயம் சொல்லுவது புத்திசாலித்தனமாகும்.

முதலில் ஏற்பாடு இன்னதென்று சொல்லிவிடுவோம். ஐ.சி.எஸ்.இ. பரீட்சைக்குப் பிள்ளைகளை அனுப்பும் பள்ளிக்கூடங்களில் 'சமூகத்துக்குப் பயன்படும் உற்பத்தி வேலை' என்று ஒரு பாடம் உண்டு. 1977-ல் ஈசுவர்பாய் படேல் கமிட்டியார் பிரபலப்படுத்திய பெயர் அது. மற்றப் பாடங்களில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும், இதில் தேறியதாகப் பள்ளிக்கூடத்தார் எழுதித் தராவிட்டால் பாஸ் சர்ட்டிபிகேட்டு கிடையாது. சி.பி.எஸ்.இ.காரர்கள் 2018 முதல் 9-ம் வகுப்பிலிருந்து 12-ம் வகுப்பு வரையில் தேகப் பயிற்சியோடு 'சேவா' என்று ஒன்றையும் சேர்த்துக் கட்டி வைத்திருக்கின்றார்கள். லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குகின்ற ஐ.பி. பள்ளிக்கூடங்களில் படைப்பு, செயல், சேவை என்கின்ற மூன்றையும் 18 மாத காலம் செய்து காட்ட வேண்டும். காட்டாதவனுக்கு டிப்ளமா இல்லை.

நம் ராஜ்ய சர்க்கார் பாடத்திட்டத்தில் இப்படிப்பட்ட கட்டாயம் இல்லை. மேல்நிலை வகுப்புகளில் நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கின்றது. 1969 செப்டம்பர் 24-ந் தேதி, காந்தியாரின் நூற்றாண்டை ஒட்டி 37 சர்வகலாசாலைகளில் துவக்கப்பட்டுப் பிறகு பள்ளிக்கூடங்களுக்கும் வந்தது அது. வருஷத்துக்கு 120 மணி வீதம் இரண்டு வருஷத்தில் 240 மணி வேலை. அதோடு ஏழு நாள் முகாம். முடிவில் ஒரு சர்ட்டிபிகேட்டு. 'நான் அல்ல, நீ' என்பது அதன் கோஷம். சின்னமோ கோனாரக் சூரியன் கோயில் தேர்ச் சக்கரம். (ஜனங்களுக்குப் பாடுபடப் போகின்ற பிள்ளைகளுக்கு அடையாளமாக வைக்க ஒரு மண்வெட்டி அகப்படவில்லை போலும்.) சேருவது இஷ்டம்தான் என்றாலும், காலேஜ் இடத்துக்கும் உத்தியோகத்துக்கும் இந்தக் காகிதம் எங்காவது உதவும் என்கின்ற நம்பிக்கையில்தான் பெரும்பாலான பெற்றோர் பிள்ளைகளை அனுப்புகின்றார்கள். நம்பிக்கையே பாதிக் கட்டாயம்.

அன்னிய நாடுகளில் எப்படி என்றால், அமெரிக்காவில் மேரிலாந்து ராஜ்யத்தில் 75 மணி சேவை செய்தால்தான் ஹைஸ்கூல் டிப்ளமா. கனடாவில் ஒண்டேரியோ மாகாணத்தில் 1999 முதல் 40 மணி. பென்சில்வேனியாவில் பெத்லகேம் என்னும் ஊரில் நாலு வருஷத்தில் 60 மணி என்று விதித்தபோது, சில பெற்றோரும் பிள்ளைகளும் கோர்ட்டுக்குப் போனார்கள். கூலியில்லாமல் கட்டாயப்படுத்தி வேலை வாங்குவது அடிமைத்தனம் அல்லவா, அதை எங்கள் அரசியல் சட்டத்தின் 13-வது திருத்தம் தடுத்திருக்கின்றதே என்பது அவர்கள் வாதம். 1993-ல் அப்பீல் கோர்ட்டார் இது அடிமைத்தனம் ஆகாது, படிப்பின் பகுதிதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். தீர்ப்பு எப்படியோ போகட்டும். கறுப்பு மனிதர்களைச் சங்கிலி போட்டு வேலை வாங்கிய தேசத்தில், சேவை என்று சொன்னவுடனே ஒருவனுக்கு அடிமைத்தனம் ஞாபகத்துக்கு வந்ததே, அதைத்தான் நாம் கவனிக்க வேண்டியது. நமக்கு அது ஞாபகத்துக்கே வருவதில்லை. சேவை, தொண்டு, பணிவிடை என்று சொன்னால் நமக்குக் கண்ணீர் வருகின்றது; கை கூப்பத் தோன்றுகின்றது.

நம் அரசியல் சட்டத்தை எழுதியவர்களுக்கு மாத்திரம் ஞாபகம் இருந்திருக்கின்றது. 1950 முதல் அமுலில் இருக்கும் அந்தச் சட்டத்தின் 23-வது பிரிவு, மனிதரை விற்பதையும் கூலியில்லா வெட்டி வேலை வாங்குவதையும் குற்றம் என்று சொல்லுகின்றது. அதற்கு அடுத்த வாக்கியத்தை யாரும் எடுத்துப் படிப்பதில்லை. பொதுக் காரியத்துக்காகச் சர்க்கார் கட்டாய ஊழியம் விதிக்கலாம். ஆனால் மதம், இனம், ஜாதி, வர்க்கம் இவற்றைக் காரணமாகக் கொண்டு அதில் பேதம் காட்டக் கூடாது என்பது அந்த வாக்கியத்தின் கருத்து. இந்த ஒரு நிபந்தனையை நம் பள்ளிக்கூடத்துச் சேவைகளில் எத்தனை நிறைவேற்றுகின்றன என்பதுதான் நாம் கேட்கின்ற கேள்வி. வேறு கேள்வி நமக்கு இல்லை.

கட்டாய சேவை என்பது இந்த நாட்டுக்குப் புதிதா? மனுதர்மம் சூத்திரனுக்கு ஒரே ஒரு தொழிலைத்தான் விதித்தது: மேல் மூன்று வருணத்தாருக்கும் முகம் சுளிக்காமல் பணிவிடை செய்வது. மேரிலாந்துக்காரன் 75 மணி என்றான், டில்லிக்காரன் 240 மணி என்றான், மனுவோ ஆயுள் முழுவதும் என்றான். சர்ட்டிபிகேட்டு மாத்திரம் இந்த ஜென்மத்தில் கிடையாது, அடுத்த ஜென்மத்தில் என்று தவணை சொல்லிவிட்டான். ஊருக்கு ஊர் வெட்டி வேலைக்கென்று தனி ஜாதி. செத்த மாட்டை இழுக்க ஒரு ஜாதி, சாவுக்குப் பறையடிக்க ஒரு ஜாதி, மலம் அள்ள ஒரு ஜாதி. இவர்கள் செய்ததற்கு யாராவது சமூக சேவை என்று பெயர் வைத்தார்களா? அது 'அவர்கள் வேலை' ஆயிற்று. அதே துடைப்பத்தை மேல்ஜாதிக்காரன் பிள்ளை ஒரு நாள் கையில் பிடித்தால், அது சேவையாகிப் போட்டோவும் எடுக்கப்பட்டுவிடுகின்றது. எந்த வேலை என்பதால் அது சேவையாவதில்லை. எந்த ஜாதிக்காரன் கை என்பதால் ஆகின்றது.

பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் முடிச்சுப் போடப் பார்த்தவர்கள் பலர். காந்தியார் 1937-ல் வார்தாவில் கைத்தொழிலை வைத்தே கல்வி என்றார். கோத்தாரி கமிஷனார் 1966-ல் எல்லா மாணவர்க்கும் சமூக சேவை கட்டாயம் வேண்டும் என்றார்கள். ஆனால் இந்த முடிச்சு நம் கழுத்தில் எப்படி இறுகும் என்பதை நமக்குக் காட்டியவர் தோழர் ராஜகோபாலாச்சாரியார்தான். 1953-ல் கிராமத்துப் பிள்ளைகளுக்கு மாத்திரம் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் படிப்பு போதும், மிச்ச நேரம் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்று திட்டம் போட்டார். செருப்புத் தைப்பவன் பிள்ளைக்குச் செருப்பு, சிரைப்பவன் பிள்ளைக்குக் கத்தி. கோர்ட்டில் வாதாடுகின்றவன் பிள்ளை பட்டணத்தில் இருந்ததால் அவனுக்கு முழு நாளும் படிப்பு. குலக்கல்வி என்று பெரியார் அதற்குச் சரியான பெயர் வைத்து நாடு முழுவதும் கிளம்பினார். ராஜகோபாலாச்சாரியார் பதவியை விட்டு இறங்கினார், காமராசர் வந்தார், 1954 மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது. அந்த அறிவிப்பைச் செய்த கல்வி மந்திரி வேறு யாரும் அல்ல, பொள்ளாச்சிக்குப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்துக்காரரான சி. சுப்பிரமணியம். முந்தின மந்திரிசபையில் இருந்துகொண்டு அந்தத் திட்டத்துக்கு முட்டுக்கொடுத்தவரும் அவரே. ஜனங்கள் எழுந்து நின்றால் மந்திரிகளுக்கு எவ்வளவு சீக்கிரத்தில் புத்தி வருகின்றது பாருங்கள்.

2020-ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட கல்விக் கொள்கையில் 6-ம் வகுப்பு முதல் 8-ம் வகுப்பு வரை பத்து நாள் புத்தகப் பை இல்லாமல் வந்து தச்சர், தோட்டக்காரர், குயவர் முதலானவர்களிடம் தொழில் பழக வேண்டும் என்று எழுதியிருக்கின்றது. தச்சு வேலையும் குயவு வேலையும் கேவலமல்ல, எல்லாப் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டியவைதான். யார் பிள்ளை யாரிடம் அனுப்பப்படுவான் என்பதில்தான் சூட்சுமம் இருக்கின்றது.

இவ்வாறிருக்க, கிணத்துக்கடவிலிருந்து ஒரு தோழர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கின்றார். அங்கே தக்காளி மார்க்கெட்டில் பெட்டி தூக்குகின்றவர். அவர் மகள் பதினோராம் வகுப்புப் படிக்கின்றாள்; நாட்டு நலப்பணித் திட்டத்திலும் சேர்ந்திருக்கின்றாள். பள்ளிக்கூடத்தின் பெயரையும் முகாம் நடந்த கிராமத்தின் பெயரையும் நாம் எழுதப் போவதில்லை. ஒரு பள்ளிக்கூடத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டால் மற்றப் பள்ளிக்கூடத்தார்கள் சுகமாய்த் தூங்கப் போய்விடுவார்கள்.

ஏழு நாள் முகாமில் நடந்ததைத் தோழர் தம் மகள் சொன்னபடி எழுதியிருக்கின்றார். முதல் நாள் விளக்கேற்றிப் பூசை போட்டுப் பிரமுகர்களுக்குத் துண்டு போர்த்தியதில் போயிற்று. இரண்டு நாள் கோயில் வளாகத்தில் புல் செதுக்கினார்கள். ஒரு நாள் ரோட்டோரத்து முள்ளை வெட்டினார்கள். ஒரு நாள் யோகாசனமும் சொற்பொழிவும். அரை நாள் கண் பரிசோதனை. அது ஒன்றுதான் நல்ல காரியம் என்கின்றார் தோழர். கடைசி நாள் மரக்கன்று நட்டுப் போட்டோ. ஊரிலிருந்து மூன்று பர்லாங்கு தூரத்தில் அருந்ததியர் வளவு இருக்கின்றது. தெருவிளக்கு பாதி எரிவதில்லை, குழாயில் தண்ணீர் நாலு நாளைக்கு ஒரு தடவை. ஏழு நாளில் ஒருவரும் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. சமையல் வேலை பெண் பிள்ளைகளுக்கு. கரண்டி பிடிக்கும் ஆண்பிள்ளை ஒருவனும் அங்கே இல்லை. அந்தப் பெண் பிள்ளைகளிலும் பெரிய அண்டாக்களைக் கழுவச் சொல்லி இரண்டு பேரைத்தான் கூப்பிட்டார்கள். ஒருத்தி தோழருடைய மகள், இன்னொருத்தியும் அதே வகுப்பு. யாரும் ஜாதிப் பெயரைச் சொல்லவில்லை. "உங்களுக்குத்தாம்மா இதெல்லாம் பழக்கம்" என்றார்களாம்.

கடிதத்தின் கடைசியில் தோழர் கேட்கின்றார்: "ஏனுங்க, சாமி வாசலைக் கூட்டினாச் சேவை, எங்க வளவைக் கூட்டினா மட்டும் எங்க வேலைங்களா?"

தோழருக்குப் பத்துக் காலேஜ் புரொபசர்களின் புத்தி இருக்கின்றது. நாம் எழுத நினைத்ததை அவர் ஒரு வரியில் எழுதிவிட்டார்.

கிணத்துக்கடவு பேருக்கேற்றபடி கிணற்றுப் பாசனத்து ஊர். பொள்ளாச்சி ரோட்டில் போகின்றவர்களுக்கு மலையின்மேல் வேலாயுதசாமி கோயில் தெரியும். ரோட்டை விட்டு உள்ளே போனால்தான் தக்காளித் தோட்டமும் தென்னந்தோப்பும் தேங்காய் நார்த் தொட்டிகளும் தெரியும். தக்காளி வரத்து அதிகமான நாட்களில் அந்தப் பெண் விடியற்காலை நாலு மணிக்கு அப்பனோடு மார்க்கெட்டுக்குப் போய்ப் பழம் தரம் பிரித்துக் கொடுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடுகின்றாள் என்றும் தோழர் எழுதியிருக்கின்றார். அவள் பிரித்த பழத்தைத்தான் ஊரெல்லாம் ரசம் வைத்துச் சாப்பிடுகின்றது. இந்த மணிக் கணக்கு எந்த நோட்டிலும் ஏறுவதில்லை.

இதைப் படிக்கின்ற நல்ல மனதுடைய உபாத்தியாயர் ஒருவர், "அப்படியானால் அவள் மார்க்கெட்டில் செய்கின்ற வேலையையும் சேவை மணியில் சேர்த்துவிடலாமே" என்று சொல்லக்கூடும். சொல்லுகின்றவர்களும் இருக்கின்றார்கள். நாம் அதை ஒரு நாளும் ஒப்புக்கொள்ள மாட்டோம். ஏனெனில், அப்பன் தூக்கும் பெட்டியை மகளும் தூக்குவதற்குப் பள்ளிக்கூடம் மார்க்குப் போட ஆரம்பித்தால், 1954-ல் முன்வாசல் வழியாகத் துரத்தப்பட்ட குலக்கல்வி 240 மணி நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புறக்கடை வழியாய் உள்ளே வந்துவிடும். அவள் செய்வது சேவையல்ல. கூலி கொடுக்கப்பட வேண்டிய வேலை. அவள் அப்பனுக்கு ஒழுங்கான கூலி கிடைத்திருந்தால் அவள் நாலு மணிக்கு எழுந்திருக்கவே வேண்டியதில்லை. அவளுக்குப் பள்ளிக்கூடம் கொடுக்க வேண்டியது மார்க்கு அல்ல, தூக்கம்.

ஆகவே சேவைக்காகக் கேட்கப்படும் மணிகள் பள்ளிக்கூட நேரத்துக்கு வெளியே இருந்தால் அது ஏழைப் பிள்ளையின்மேல் போடும் வரியாகும். எட்டு மணி வீதம் கணக்குப் போட்டால் 240 மணி என்பது 30 நாள் கூலி. பணக்காரப் பிள்ளைக்கு அது 30 நாள் பொழுதுபோக்கு. கூலிக்காரன் பிள்ளைக்கு 30 நாள் அடுப்பு. இஷ்டப்பட்டவர் மாத்திரம் சேரலாம் என்றால் சர்ட்டிபிகேட்டு வசதியுள்ளவனுக்குப் போய்ச் சேருகின்றது; எல்லோரும் சேர வேண்டும் என்றால் பளு வசதியில்லாதவன் முதுகில் விழுகின்றது.

இனி, காகிதத்துக்கு ஆசைப்படுவதில் உள்ள ஆபத்தைப் பார்ப்போம். 2024 ஆகஸ்டு மாதம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் தேசிய மாணவர் படை முகாம் என்று ஒன்று நடந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் படைப் பிரிவே கிடையாது. நடத்தியவர்கள் படையைச் சேர்ந்தவர்களே அல்ல. முகாமில் தங்க வைக்கப்பட்ட பெண் குழந்தைகள் கொடுமைக்கு ஆளானதாக வழக்கு ஏற்பட்டு, முகாம் நடத்தியவர்களோடு பள்ளிக்கூடத்தைச் சேர்ந்தவர்களும் கைதானார்கள். முகாம், யூனிபாரம், சர்ட்டிபிகேட்டு என்கின்ற மூன்று வார்த்தைகளைச் சொன்னவுடன், 'நீ யார், உனக்கு அனுமதி உண்டா' என்று ஒரு கேள்விகூடக் கேட்காமல் பெற்ற பெண்ணை ஒப்படைக்கும்படி நம் ஜனங்கள் பழக்கப்படுத்தப்பட்டிருக்கின்றார்கள். காவித் துணியைக் கண்டவுடன் காலில் விழுகின்ற பழக்கத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அங்கே விபூதி, இங்கே ரப்பர் ஸ்டாம்பு.

இந்த அளவுக்குப் போகாத சின்னப் பித்தலாட்டங்கள் எத்தனையோ. பரீட்சைக்கு ஒரு மாதத்துக்கு முன் இரண்டு வருஷத்து மணிக் கணக்கையும் ஒரே உட்காரலில், ஒரே பேனாவில் எழுதி முடிப்பதைப் பார்க்காத உபாத்தியாயர் உண்டா? சேவை செய்ததாகப் பொய் எழுதக் கற்றுக்கொண்ட பிள்ளை, நாளைக்கு ரோடு போட்டதாகப் பொய் எழுதுகின்ற காண்டிராக்டர் ஆவதற்கு வேறு பயிற்சி வேண்டியதில்லை.

விளையாட்டு, பாட்டு, நாடகம் முதலிய புறப்பாட விஷயங்களைப் பற்றி நமக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவை வேண்டியவையே. சர்க்கார் பள்ளிக்கூடங்களில் 2022 முதல் நடந்து வரும் கலைத் திருவிழாவில் பறையும் ஒயிலாட்டமும் மேடை ஏறுவதை நாம் சந்தோஷத்தோடு பார்க்கின்றோம். பரீட்சை நெருங்கினால் விளையாட்டுப் பீரியடைக் கணக்கு வாத்தியார் பிடுங்கிக்கொள்ளாதிருந்தால் அதுவே பெரிய சீர்திருத்தம்.

நிற்க. "ஜப்பானில் பிள்ளைகளே வகுப்பறையைக் கூட்டுகின்றார்களே, நம் பிள்ளைகள் கூட்டினால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. கூட்டட்டும். ஜப்பானில் வகுப்பிலுள்ள எல்லாப் பிள்ளைகளும் முறை வைத்துக் கூட்டுகின்றார்கள். இங்கே? 2022-ல் ஈரோடு மாவட்டத்தில் ஓர் அரசாங்கத் தொடக்கப் பள்ளியில் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு கக்கூசு கழுவச் செய்ததாகப் புகார் எழுந்து தலைமையாசிரியை கைது செய்யப்பட்டார். ஒரு பிள்ளை காய்ச்சலாய்ப் படுத்த பிறகே விஷயம் வெளியே வந்தது. 2018-ல் அவிநாசி வட்டாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில், சமைக்கின்ற பெண்மணி தாழ்த்தப்பட்டவர் என்பதற்காக, எங்கள் பிள்ளைகள் அவர் கையால் சாப்பிட மாட்டார்கள் என்று கலகம் செய்து அவரை மாற்றவும் வைத்தார்கள்; எதிர்ப்புக் கிளம்பிய பிறகே மாற்றல் உத்தரவு ரத்தாயிற்று. அதாவது கழுவுவதற்கு அந்தக் கை ஆகும், சமைப்பதற்கு ஆகாது. 1924-25-ல் சேரன்மாதேவி குருகுலத்தில் தேச சேவைக்கென்று எல்லா ஜாதியாரிடமும் பணம் வசூலித்துக்கொண்டு, பார்ப்பனப் பிள்ளைகளுக்கு மாத்திரம் தனிச் சாப்பாடு போட்டார்கள் அல்லவா? நூறு வருஷமாகியும் அந்தப் பந்தி இன்னும் எழுந்திருக்கவில்லை.

அப்படியானால் சேவையே வேண்டாம் என்கின்றோமா? அல்ல. உண்மையான சேவையைப் பிள்ளைகள் செய்து காட்டியிருக்கின்றார்கள். கியூபா தேசத்தில் 1961-ல் ஒரு லட்சம் மாணவர்கள், பத்து வயதுப் பிள்ளைகள் முதற்கொண்டு, விளக்கும் புத்தகமும் எடுத்துக்கொண்டு மலைக்கும் வயலுக்கும் போய்க் குடியானவன் வீட்டிலேயே தங்கி, பகலில் அவனோடு வேலை செய்து, இரவில் அவனுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அதற்காகப் பள்ளிக்கூடங்களையே அந்த வருஷம் மூடினார்கள். நூற்றுக்கு இருபதுக்கு மேலிருந்த எழுத்தறியாமை ஒரே வருஷத்தில் நாலளவுக்கு இறங்கிற்று. நம் நாட்டிலேயே 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தார் சேரிக்கும் கல் உடைக்கும் இடத்துக்கும் போய்ப் பாடம் சொன்னார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சைக்கிள் விடவும் கற்றுக்கொண்டு ரோட்டில் போனார்கள். இந்த இரண்டிலும் சேவை செய்யப் போனவன் தான் பிறந்த தெருவைத் தாண்டிப் போனான். போன வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தான். நம் முகாம்களில் இல்லாத பாடம் அதுதான்.

கிணத்துக்கடவு வட்டாரத்தில் வேலை இல்லையா? முதியோர் உதவித் தொகைக்கு மனு எழுதத் தெரியாமல் ஆபீசுக்கு ஆபீசு அலையும் கிழவிகள் எத்தனை பேர்? நார் ஆலைகளிலும் மில்லுகளிலும் பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வந்து கிடக்கின்ற தொழிலாளிகளின் குழந்தைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுப்பதற்கு ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போதாதா? நார்த் தொட்டித் தண்ணீர் இறங்கிக் கிணறு நிறம் மாறுகின்றது என்று குடியானவர்கள் புகார் சொல்லுகின்றார்களே. ரசாயன வகுப்பில் படிக்கின்ற பிள்ளைகள் மாதம் ஒரு முறை பத்துக் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்துப் பஞ்சாயத்துக் கதவில் எழுதி ஒட்டினால், அது பாடமும் ஆகும், சேவையும் ஆகும், ஆலை முதலாளிக்குக் கொஞ்சம் பயமும் ஆகும். கோயில் புல் செதுக்கக் கோயிலுக்கு வருமானம் இருக்கின்றது, ஆள் வைத்துக்கொள்ளட்டும். மசூதிக்கும் சர்ச்சுக்கும் அதே பதில்தான்.

சேவைக்குச் சர்ட்டிபிகேட்டு கொடுக்கத்தான் வேண்டும் என்று அதிகாரிகள் பிடிவாதம் பிடித்தால், நாம் சொல்லுவது இது. வேலை பள்ளிக்கூட நேரத்துக்குள் நடக்க வேண்டும். ஒரு காசும் பிள்ளையிடம் வாங்கக் கூடாது. யாருக்கு எந்த வேலை என்பதை வாத்தியாரின் கண்ணும் நாக்கும் தீர்மானிக்கக் கூடாது. எல்லோர் முன்னிலையிலும் சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும். அண்டா கழுவுகின்ற சீட்டு சாளைக்காரக் கவுண்டர் மகனுக்கு விழுந்தால் அவன் கழுவட்டும்; மேடையில் நன்றி சொல்லுகின்ற சீட்டு பெட்டி தூக்குகின்றவர் மகளுக்கு விழுந்தால் அவள் சொல்லட்டும். கக்கூசு கழுவுகின்ற வேலை யார் பிள்ளைக்கும் கிடையாது; அதற்குச் சம்பளமும் கையுறையும் மெஷினும் கொடுத்துச் சர்க்கார் ஆள் வைக்க வேண்டும். முகாம் ஏழு நாளில் ஐந்து நாளாவது ஊர்க் கடைசியில் இருக்கின்ற வளவிலே நடக்க வேண்டும். வாத்தியார், பிள்ளைகள், திறப்பு விழாவுக்கு வருகின்ற பிரமுகர் எல்லோரும் மதியச் சாப்பாட்டை அங்கேயே, அந்த ஜனங்கள் சமைத்ததையே சாப்பிட வேண்டும். நோட்டில் மணிக் கணக்கு எழுதுவதற்குப் பதிலாக, எந்தத் தெருவுக்குப் போனான், யார் வீட்டில் தண்ணீர் குடித்தான் என்று எழுதட்டும்.

இப்படிச் செய்தால் பெற்றோர் கலகம் செய்வார்கள் என்று தலைமையாசிரியர்கள் பயப்படுகின்றார்கள். கலகம் செய்கின்ற பெற்றோரிடம் ஒரு காகிதத்தை நீட்டி, "என் மகன் அந்தத் தெருவுக்குள் போக மாட்டான், அந்த வீட்டுத் தண்ணீரைக் குடிக்க மாட்டான்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளட்டும். அந்தக் காகிதத்தையும் அவன் சர்ட்டிபிகேட்டோடு சேர்த்துத் தைத்து, காலேஜுக்கு அனுப்பிவிடலாம்.